மூடாமல் விட்ட இடம்

கோடை வந்தால் ஊர் உலகம் போர்வையை மடித்து உள்ளே வைக்கும். இந்த ஊர்க்காரர்கள் மலைக்குப் போர்த்தக் கிளம்புவார்கள். கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் உச்சிக்குக் கீழே கிடக்கும் பனியாறு கரைந்துபோனால் குளிர்காலத்தில் சறுக்கி விளையாட யார் வருவார்கள்? ஆள் வராவிட்டால் ஓட்டல் ஏது, சம்பளம் ஏது? அதனால் வெயில் ஏறுவதற்குள் பனியின் மேல் வெள்ளைத் துணியைப் பாய் பாயாக விரித்து, ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்துவிடுவார்கள். இத்தனை காலம் மலை இவர்களுக்குச் சோறு போட்டது. இப்போது இவர்கள் அதைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தைப்பது அவள் வேலை. சாக்கு மூட்டையின் வாயைத் தைக்கும் கைமெஷின்தான். குனிந்தபடியே நடந்து நடந்து இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. முகத்தில் கறுப்புக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருக்கும், மற்றதெல்லாம் கருகல். கடைத்தெருவில் யார் பார்த்தாலும் மலைவேலைக்காரி என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் புருஷனும் இங்கேதான் வேலை பார்த்தான். சறுக்குப் பாதைக்குக் கொடி நடுகிற வேலை. பத்து வருஷம் இருக்கும், பனியில் ஒரு வெடிப்புக்குள் விழுந்தான். கயிறு கட்டி இறங்கித் தேடினார்கள், கிடைக்கவில்லை. அன்றைக்கு அவள் அழவில்லை. அதிர்ச்சி, பாவம், போகப் போக அழுதுவிடுவாள் என்றார்கள். போகப் போகவும் ஒன்றும் வரவில்லை. அவனைப் பிடிக்காமல் இல்லை, நல்ல மனுஷன்தான். உள்ளே தேடிப் பார்த்தால் மரத்துப்போன காலைத் தொடுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பனியாறு என்று பேர் வைத்ததற்காகவோ என்னவோ அதுவும் நகரும், நத்தை பார்த்தால் சிரிக்கிற வேகத்தில். போன வருஷம் வேலை முடிகிற சமயத்தில் அதன் கீழ் ஓரத்தில் ஒரு கையுறை வெளியே வந்தது. கட்டைவிரல் பக்கம் கிழிந்ததை அவளே நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தது. “அவரோடதுதான்” என்று சொல்லிவிட்டு மெஷினை எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கே மேஸ்திரி அவள் கொழுந்தன். இந்த வருஷம் முதல் நாளே வந்து நின்றான்.

“அண்ணி, கையுறை கெடச்ச இடத்த மட்டும் மூடாம விடலாம். மேனேஜர்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டாரு. அடிக்கிற வெயிலுக்கு அண்ணன் வெளிய வந்துருவான். அம்மா ஒரு தடவ பாத்துட்டுத்தான் போவேன்னு உயிரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்காங்க.”

“சரி தம்பி” என்றாள். வேறென்ன சொல்வது?

திறந்து கிடந்த துண்டு மட்டும் நாளுக்கு நாள் கரைந்து இறங்கியது. கூட வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு நல்ல இடமாக ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவள் வந்தால் சிரிப்பை நிறுத்தினார்கள். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் பனிக்குள் கறுப்பாக என்னவோ தெரிந்தது. உற்றுப் பார்த்தாள். சட்டைக் கைதான். அவள் கூப்பாடு போடவில்லை. துணிச்சுருள் ஒன்றை உருட்டிவந்து அதன்மேல் விரித்தாள், பக்கத்துத் துணியோடு சேர்த்துப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.

மெஷின் சத்தம் கேட்டுக் கொழுந்தன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“என்ன அண்ணி பண்றீங்க? அண்ணன் தெரியறானா?”

“தெரியறாரு.”

“அப்புறம் எதுக்கு மூடறீங்க?”

அவள் மெஷினை நிறுத்தினாள். “அவர எடுத்தா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க தம்பி. அழணும். எனக்கு வராது.”

காற்று துணியின் ஓரத்தைத் தூக்கியது. அவன் மண்டி போட்டு அதை இழுத்துப் பிடித்தான்.

“அம்மாகிட்ட என்ன சொல்றது?”

“இந்த வருஷம் கரையலன்னு சொல்லுங்க.”