நாற்பதாம் நாள் அசைந்த பணம்

லியூபென் கராஇவானோவின் உடலை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஊரான ரூசேயின் மருத்துவமனைப் பிணவறையில் அவனுடைய அக்கா பென்கா அடையாளம் காட்டியபோது, பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்கியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும், "ஆள் சாகவே இல்ல, உங்களை ஏமாத்திட்டான்" என்றுதான் சொல்கிறார்கள். அவன் செத்துத்தான் போயிருந்தான்.

எங்கள் ஊரில் இருந்த சின்ன கிரிப்டோ நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் அவன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்நூற்றுச் சொச்சம் பேர் அங்கே போட்டு வைத்திருந்த பணத்தை ஒரே மூச்சில் தன் வாலட்டுக்கு, அதாவது தன் இணையப் பணப்பைக்கு, மாற்றிக்கொண்டான். மார்ச்சில் அவனைக் கைது செய்ய எங்களுக்கு உத்தரவு கிடைத்த அதே வாரம், வர்ணா சாலை மூடுபனியில் அவன் கார் லாரியில் மோதியது.

பணம் எங்கே இருக்கிறது என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. கிரிப்டோவில் எல்லா நடமாட்டமும் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுக் கணக்கில் ஏறிவிடும். பார்க்கலாம், தொடத்தான் முடியாது. வாலட்டைத் திறக்க வரிசை மாறாத இருபத்து நான்கு சொற்கள் வேண்டும். அவை அவனோடு மண்ணுக்குள் போய்விட்டன என்று நினைத்தோம். நான் மட்டும் தினமும் காலையில் அந்த வாலட்டை ஒரு தடவை திறந்து பார்ப்பேன்.

ஏப்ரலில் ஒரு காலை அது அசைந்திருந்தது. முழுவதும் இல்லை, ஒரு சிறு பங்கு.

எங்கள் போலீஸ் பிரிவின் தலைவர் டோச்சேவ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்ன சோர்னித்ஸா, கல்லறையில சிக்னல் நல்லா கெடைக்குதோ?"

"சார், நெஜமாவே போயிருக்கு. பாருங்க."

"எங்க போயிருக்கு?"

அதைக் கண்டுபிடிக்க நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் ஸ்தாமென்கா என்ற பெண்மணி தொலைபேசியில் கூப்பிட்டார். பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பணம் பறிகொடுத்தவர்களில் ஒருவர்.

"எங்கிட்டருந்து போனது அப்படியே திரும்பி வந்திருக்கும்மா. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நான் இதைத் தொடலாமா?"

"பயப்படாதீங்க. யாரோ அனுப்பியிருக்காங்க, விசாரிக்கிறோம்."

"யாரோ இல்லம்மா. அவன்தான். இன்னையோட அவனுக்கு நாப்பது நாள். எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் நாற்பதாம் நாள், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவி அண்டை அயலுக்குக் கொடுப்பார்கள். வாங்குகிறவர், "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்பார். ஜூனில் மூன்று மாதம் நிறைந்த அன்று வாலட் மறுபடி அசைந்தது. இன்னொருவருக்கு அவருடைய பணம் திரும்பியது. செப்டம்பரில் ஆறாம் மாத நாளன்று காலையிலிருந்தே திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, கீழே யாரோ தர்ப்பூசணி விற்றுக்கொண்டிருந்தார்கள். பத்து இருபதுக்கு எண் மாறியது. டோச்சேவ் அன்று ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

ஆனால் செத்தவர்கள் கட்டணம் கட்டுவதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு, அதை வேறொரு நாணயத்தில்தான் கட்ட வேண்டும். முதல் இரண்டு தடவைக்கு அந்த நாணயம் வாலட்டில் மிச்சமிருந்தது போதுமானதாக இருந்தது. மூன்றாவது தடவைக்குப் போதவில்லை. யாரோ ஒரு வெளிநாட்டு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் எங்கள் பணத்தில் ஐந்து லெவாவுக்கு அந்த நாணயத்தை வாங்கி வாலட்டில் போட்டிருந்தார்கள். அங்கே அடையாள அட்டை காட்டாமல் கணக்குத் திறக்க முடியாது. அரசு வழக்கறிஞர் மூலம் எழுதிக் கேட்டோம். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது: பென்கா கராஇவானோவா, டிராலி பஸ் ஓட்டுநர்.

டிசம்பரில், ஒன்பதாம் மாத நாள் காலையில் டோச்சேவும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். தனூப் நதியிலிருந்து ஏறிய பனி தெருவையே மூடியிருந்தது. மணியை அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது.

"வாங்க. ரெண்டு பேரு வருவீங்கன்னு சொன்னான்" என்றாள் பென்கா.

மேஜையில் மூன்று கிண்ணங்களில் கோதுமை இருந்தது. அவளோ தனியாக வாழ்கிறவள்.

"யாரு சொன்னதுக்கா?" என்றேன்.

"அவன்தான். கனவுல." காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். லியூபெனின் கையெழுத்து. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது, கட்டணத்துக்கு என்ன செய்வது என்று படிப்படியாக எழுதியிருந்தான். அந்த இருபத்து நான்கு சொற்களும் இருந்தன. கடைசிப் பக்கங்களில் பணம் இழந்தவர்களின் பட்டியல்.

"விபத்துக்கு முந்தின வாரம் குடுத்தான். 'எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா திருப்பிக் குடுத்துடுக்கா'ன்னான். ஒரே நாள்ல குடுத்திருப்பேன். அவன் விடல. நெனவு நாளுக்கு ஒருத்தர், அதுவும் அவன் சொல்ற ஆளுக்குத்தான்."

"ஸ்தாமென்கா பேரு பட்டியல்ல நடுவுல எங்கயோ இருக்கு. அவங்களுக்கு ஏன் மொதல்ல?"

"'மருந்து வாசம் அடிக்கிற வீடு, அங்க மொதல்ல குடு'ன்னான்."

ஸ்தாமென்காவின் கணவருக்கு ஏப்ரலில்தான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். லியூபென் இறந்தபோது அந்த வீட்டில் யாருக்கும் சளிகூட இல்லை. விசாரணையில் அதை எழுதி வாங்கியவள் நான். டோச்சேவ் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"இன்னைக்கு தோப்ரின். படகோட்டியா இருந்தவரு. 'கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்காங்க, அவருக்கு நாளில்ல'ன்னான். அதை மட்டும் அனுப்பிட்டுத் தர்றேன்மா. அப்பறம் எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"முடியாதுக்கா. இது இப்ப வழக்குச் சொத்து. ஒரு காசு நகர்ந்தாலும் கோர்ட்டுல நான் பதில் சொல்லணும்."

அவள் வாதாடவில்லை. "சரி, நீதான் அவன்கிட்ட சொல்லிக்கணும்" என்றாள். கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

அந்த மேஜையிலேயே சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டி, இருந்த மொத்தத்தையும் அரசின் வாலட்டுக்கு மாற்றினோம். பத்து நிமிஷ வேலை. எங்கள் பிரிவு இதுவரை மீட்டதிலேயே பெரிய தொகை அதுதான். பத்திரிகையில் டோச்சேவின் படம் வந்தது. பென்காவுக்குச் சிறைக்குப் போகத் தேவையில்லாத, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான் கிடைத்தது. இப்போதும் அவள் பஸ் ஓட்டுகிறாள்.

தீர்ப்பு வந்து பணம் உரியவர்கள் கைக்குப் போகப் பதினான்கு மாதம் ஆனது. தோப்ரினுக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது. நாங்கள் பென்கா வீட்டுக்குப் போன நான்காம் நாளே அவர் இறந்திருந்தார்.

அவர் மகள் இவெலினாவிடம் காகிதங்களைக் கொடுக்க நானே போனேன். கட்டில் இன்னும் ஜன்னலோரத்தில்தான் கிடந்தது.

"கடைசி நாலு நாளும் அப்பா எங்களைக் கதவைச் சாத்தவே விடல. வெளியில அப்படிப் பனி. 'ஒரு பையன் காசு கொண்டாரான், ஒரு பொம்பள அவனை வழியில நிறுத்தி வெச்சிருக்கா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. புத்தி கலங்கிடுச்சுன்னு நெனச்சோம்."

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினேன். அவள் போட்டாள்.