பெக்ஜே ராசாவும் முதுகுக் கட்டியும்

1986 இல், ஈழத்து அகதிகள் வந்து சேர்ந்த வெள்ளைக்கார ஊரான ஹேர்னிங்கில், கூத்துப் போடுவதென்றால் கதை தேடுவதே பெரும்பாடு. தகப்பனை மகன் அடைத்து வைத்தாலும் அண்ணன் தம்பியை வெட்டினாலும், எங்கள் இயக்கத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று யாராவது முறைப்பார்கள். கடைசியில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சூசைதாசன் ஒருவனும் கோபிக்க வழியில்லாத கதையொன்றை நூலகத்திலிருந்து கொண்டுவந்தார். ஆயிரம் வருசத்துக்கு முந்திய கொரியா. பிந்திய பெக்ஜே ராச்சியம்.

கியோன் ஹ்வோன் என்றொரு படைவீரன், அழிந்துபோன பழைய பெக்ஜேயின் பேரை வைத்துப் புது ராச்சியம் எழுப்புகிறான். ஐம்பது வருசம்கூட அது நிலைக்கவில்லை. மூத்தவன் இருக்க, நாலாவது மகனுக்குத்தான் முடி என்கிறான். மூத்தவன் தம்பியைக் கொன்று, தகப்பனைக் கோயிலில் அடைக்கிறான். கிழவன் தப்பியோடி, ஆயுள் முழுக்கச் சண்டைபிடித்த எதிரியின் படையோடே திரும்பி வந்து, தன் ராச்சியத்தைத் தானே இடிக்கிறான். பிறகு முதுகில் கட்டி வந்து சாகிறான்.

அந்தக் கட்டிதான் சூசைதாசனுக்குப் பிடிக்கவில்லை. ராசா என்றால் வாளால் சாக வேண்டாமா? ஆனாலும் அவருக்கென்ன, அவர் முன்ராசா. அவர்களுடைய கூத்தில் ராசாவுக்கு இரண்டு பேர் ஆடுவார்கள், பாதியில் முடி கைமாறும். சாகிறது பின்ராசாவின் பாடு.

பின்ராசா தான்தான் என்று ஸ்ரனிஸ்லாஸ் நம்பியிருந்தான். அவன் சூசைதாசனின் ஞானமகன், அவரைத் தொட்டப்பா என்று கூப்பிடுகிறவன். பக்கத்து ஊரான ஹொல்ஸ்டெப்ரோவின் கூத்துக் குழுவோடு அவர் கொழுவிக்கொண்டு பிரிந்தபோது கூடவே வந்தவன். அவரோ நேற்று வந்திறங்கிய நிக்கலஸின் குரலில் மயங்கி, முடியை அவனுக்கென்றார். கதையை வாசித்த மனிசன் செய்கிற வேலையா இது?

அடுத்த ஒத்திகைக்குள் ஸ்ரனிஸ்லாஸ் எல்லோரையும் வளைத்துவிட்டான். நிக்கலஸ் திரை இழுக்கப் போனான். அண்ணாவியார் இனி முன்வரிசையில் இருந்து பார்த்தால் போதும் என்றார்கள், மரியாதையாகத்தான். சூசைதாசன் முடியைக் கடைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோவுக்கு பஸ் ஏறினார். அங்கே கதவைத் திறந்தவர்கள் முதலில் முறைத்தார்கள். முடியைக் கண்டதும் கோப்பி ஊற்றினார்கள்.

இரண்டு ஊரிலும் ஒரே நாளில் ஒரே கூத்து. சனம் அண்ணாவியார் இருந்த பக்கமே போனது. ஹேர்னிங் மண்டபத்தில் வெறும் கதிரைகள்தான்.

ஹொல்ஸ்டெப்ரோவில் முழு ராசாவாக அவரே ஆடினார். இடிந்த ராச்சியத்தைப் பார்த்துப் பாடும் இடம் வந்தபோது கதவு திறந்தது. முகப்பூச்சும் முடியில்லாத ராசா உடுப்புமாக ஸ்ரனிஸ்லாஸ் ஹேர்னிங்கிலிருந்து அப்படியே வந்து கடைசி வரிசையில் குந்தினான். ‘எழுப்பினதும் நானே’ என்ற அடி சூசைதாசனுக்கு வரவில்லை. மத்தளக்காரர் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். சூசைதாசனுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசி வரிசையிலிருந்து ஸ்ரனிஸ்லாஸ் அடியை எடுத்துக் கொடுத்தான். “தொட்டப்பா, பாடுங்கோ” என்றான்.

சூசைதாசன் முடியைக் கழற்றி நீட்டினார். “என்ர பாதி முடிஞ்சுது. நீ ஏறி வா.”

முதுகில் கட்டி வந்து ஸ்ரனிஸ்லாஸ்தான் செத்தான், அவ்வளவு அழகாக. சூசைதாசன் பக்கத்தில் நின்று பிற்பாட்டுப் பாடினார்.