மூச்சுக் கணக்கு

தையல்காரிக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்தே, தெருவின் மற்ற வீடுகளைப்போல அந்த வீடும் ஓர் ஆராய்ச்சிக் கணக்கெடுப்பில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வந்து, என்ன வருமானம், யாருக்கு என்ன நோய், பிள்ளைகள் எதுவரை படித்தார்கள் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். எடை பார்ப்பார்கள். ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சை இழுத்து ஊதச் சொல்வார்கள். தையல்காரி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தைக்கிற துணியை ஒதுக்கிவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்வாள்.

இந்த முறை வந்தது புதுப் பெண். உட்கார்ந்ததும் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரு இப்ப எப்படிக்கா இருக்காரு? போன தடவையே மூச்சு பாதிக்குப் பாதி குறைஞ்சிருந்துச்சே" என்றாள்.

"அவரு போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாச்சும்மா." தையல்காரி கத்தரியைக் கீழே வைத்தாள். "பாதி குறைஞ்சது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அந்தப் பெண் டேப்லெட்டில் பழைய கணக்கைத் தள்ளிப் பார்த்தாள். "அதுக்கு முந்தின தடவையே குறைய ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்க்கா."

யாரும் சொல்லவில்லை. "நல்லா ஊதினீங்க" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மனிதரும் அதை நம்பிக் கல் அறுக்கும் பட்டறைக்குப் போய்த் தூசியை விழுங்கிக்கொண்டிருந்தார். இருமலுக்குச் சிகரெட்தான் காரணமென்று அந்த வீட்டில் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

இப்போது அதே பட்டறைக்கு மகன் போகிறான். ஊதுவதற்காக அவன் எடுத்த குழாயை அவள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இவன் ஊதினா என்ன வருதுன்னு இங்கயே சொல்லணும். இல்லன்னா கிளம்பு."

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவுக்கா. என் வேலை போயிடும்."

"உன் மேல எனக்குக் கோவமில்ல. உங்க மேலதிகாரிய வரச் சொல்லு."

மேலதிகாரி மறுநாள் வந்தார். அதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவி, பட்டறைக்கு ஆள் போகிற ஒரு வீட்டிலும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. தையல்காரி வீட்டு வாசலில் நின்று பொறுமையாக விளக்கினார்.

"இது வைத்தியம் இல்லம்மா, ஆராய்ச்சி. நடுவுல நாங்க தலையிட்டா, மாற்றம் தானா வந்துச்சா, எங்களால வந்துச்சான்னு தெரியாமப் போயிடும்."

"எங்க வீட்டுல என்ன சமைக்கிறோங்கிறது வரைக்கும் ஒளிக்காம சொன்னேன். எங்களுக்குச் சொல்ல உங்ககிட்ட ஒரு வார்த்தை இல்லையா? அவரு செத்தாரே, அது தானா வந்த மாற்றமா சார்?"

"மேல கேட்டுச் சொல்றேம்மா" என்று அவர் ஜீப்பில் ஏறினார்.

தலைமை அலுவலகம் நாளைக் கடத்திப் பார்த்தது. தெரு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அந்தப் புதுப் பெண்ணே திரும்பி வந்து, ஊதியவர்களுக்கெல்லாம் அளவை எழுதிக் கொடுத்து, கூடவே எந்த டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றும் சொன்னாள். மகனுக்கு மூச்சு குறையத் தொடங்கியிருந்தது. அன்றோடு பட்டறையை விட்டுவிட்டு, பால் வண்டி ஓட்டப் போனான்.

தெருவில் எல்லோரும் தையல்காரியை மெச்சினார்கள். அவளுக்கோ வயிற்றெரிச்சல் அடங்கவேயில்லை. ஒரு துண்டுக் காகிதம், ஒரு நிமிஷப் பேச்சு. இவ்வளவுதானே வேலை? இதை அந்த மனுஷனுக்குச் செய்ய இவர்களுக்கு என்ன கேடு வந்தது?