மூன்று தடவை வேண்டாம்

அனகா புனேயிலிருந்து, திபெத்திய அகதிகள் வாழும் மெக்லியோட்கஞ்சுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் திபெத்தியர்களைக் கரைத்துக் குடித்துவிட்டாள். யுட்ரோன் தெருவோரம் லாபிங் என்ற கார நூடுல்ஸ் விற்கிற பெஞ்சில் உட்கார்ந்து, கண்டுபிடித்ததை அவளிடமே சொன்னாள்.

“டீ வேணுமான்னு கேட்டா உங்க ஆளுங்க வேண்டாம்னுதான் சொல்றாங்க. மூணு தடவை சொல்லிட்டுக் குடிச்சிடறாங்க. சரியா அக்கா?”

“சரிதான். உடனே வாங்கிக்கிட்டா அலையறான்னு சொல்வாங்களே!” யுட்ரோன் சிரித்தாள்.

அனகா கைப்பேசியைத் தூக்கினாள். “ஒரு போட்டோ?”

“வேண்டாம்மா.” மிளகாய் எண்ணெய்க் கரண்டியோடு முகத்தைத் திருப்பினாள். “வேண்டாம், வேண்டாம்.”

விருந்தாளியிடம் அதற்கு மேல் குரலை உயர்த்த அவளுக்கு வராது. அனகாவோ எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாயிற்று, எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்வெட்டர் கடை தாம்டிங் போனை நீட்டியபடி ஓடிவந்தான். “ஏய், பெரிய ஆளாயிட்ட! நாப்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க!”

அனகா இணையத்தில் போட்டிருந்த படத்துக்குக் கீழே யுட்ரோனின் பெயர், ஊர், ‘கவலையே அறியாத மக்கள்’ என்ற வரி. திபெத்தில், சொந்த ஊரில், யுட்ரோன் செத்துப் பதினோரு வருஷம். மகள் எல்லை தாண்டியது தெரிந்தால் குடும்பத்தை விடமாட்டார்கள் என்று, பனிச்சரிவில் போய்விட்டதாக அம்மா சீனப் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஊர் நம்ப வேண்டுமே, செத்தவர்களுக்கு ஏற்றுகிற நாற்பத்தொன்பது நாள் விளக்கும் ஏற்றினாள்.

விஷயத்தை யுட்ரோன் சொல்லக் கேட்டதும், அனகா அழுதுகொண்டே படத்தை நீக்கினாள். “எனக்குத் தெரியாது அக்கா. மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். இதோ எடுத்துட்டேன்.”

“நீ எடுத்துட்ட. பாத்தவன் கண்ணுலேர்ந்து யாரு எடுக்கறது?” யுட்ரோனுக்கு அவளை அறையலாம் போலிருந்தது. அறையவில்லை.

இரண்டு நாள் கழித்து, நடுப்பகலில் போன் அடித்தது. அம்மா மாதம் ஒருமுறை ரகசியமாகப் பேசும் பக்கத்து வீட்டு எண். ஆனால் இது அம்மா பேசுகிற நாள் இல்லை.

“யாரும்மா நீ?” அம்மாதான். பின்னால் ஓர் ஆண் குரல் சீன மொழியில் அதட்டியது. “ஏதோ போட்டோ காட்டுறாங்க. என் மக செத்துட்டான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீ என் யுட்ரோனா?”

தொண்டையில் வந்த ‘அம்மா’வை யுட்ரோன் விழுங்கினாள்.

“யாரு வேணும்? ராங் நம்பர்ங்க,” என்றாள், அம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியாத இந்தியில்.

மறுமுனையில் அம்மா மூச்சுவிடுவது கேட்டது. அவள் வைக்கவில்லை. யுட்ரோன்தான் வைத்தாள்.