நடந்து போகும் தூரம்

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் போவார்கள். அன்றைக்கு ரோட்டில் வண்டி இருக்காது. எந்தப் புறநகரும் நகரத்தின் மடியில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். நர்ஸின் கணவனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரில் போய், அண்ணன் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, எதிர்வீடு காலியாக இருப்பதைப் பல் குத்திக்கொண்டே பார்த்துவிட்டு வந்தான்.

"முடிவு பண்ணியாச்சு" என்றான்.

"யாரு பண்ணினது?"

"அண்ணனும் நானும்."

"தினம் ரயில்ல போகப்போறது அண்ணனா, நீங்களா?"

கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பவன் அவன். கட்டிலில் இருந்து மேசைக்கு வருவதுதான் அவனுடைய அன்றாடப் பயணம். அதற்கே காலையில் முதுகு வலிக்கிறது என்பான். நகரத்துக்குப் போய் வரவேண்டியவள் அவள் ஒருத்திதான்.

அவள் கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் தன் மகனுக்கு வேண்டும் என்று கேட்டுவிட்ட அதே வாரத்தில், அடுத்த மாதத்திலிருந்து முதல் தியேட்டர் அவள் பொறுப்பு என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான். விடிந்ததும் முதல் நோயாளியைப் படுக்க வைக்கும்போது கருவிகள் தட்டில் இருக்க வேண்டும், அவள் தட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தவறினால் பொறுப்பு அவளுக்கு அடுத்தவளுக்குப் போகும். அந்த அடுத்தவள் இப்போதே பொறுப்பாளர் நாற்காலியைத் தினமும் துடைத்து, உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் நர்ஸ் தன் பங்குக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். வேறொரு புறநகர், ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே, டயர் கடைக்கு மேல்மாடி.

"டயர் கடைக்கு மேலயா? நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்றது?" என்றான் கணவன்.

"ஏறி வாங்கன்னு சொல்லுங்க."

விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. கணவனின் அண்ணன், தான் இருக்கும் லேஅவுட்டின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அலுவலகத்தில் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. செயலாளர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை அவர் பார்த்துக்கொள்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் தம்பி மனைவியையும் வரவழைத்துக் கூடத்தில் உட்கார வைத்தார்.

"காத்து எப்படி இருக்கு பாத்தியாம்மா? சத்தம் உண்டா? எங்க லேஅவுட்ல காக்காகூட அளவாத்தான் கத்தும்."

"ஸ்டேஷன் எங்க மாமா இருக்கு?"

"நடந்து போற தூரம். பின்பக்கக் கேட்டைத் தாண்டினா ஸ்டேஷன்தான்."

"நீங்க அப்படித்தான் போறீங்களா?"

"நான் கார்ல போறேன். ஆனா, நடக்கணும்னு நெனச்சா நடக்கலாம்."

செயலாளரின் மனைவி, அதாவது நர்ஸின் ஓரகத்தி, பழத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இங்க பொம்பளைங்க யாரும் விடியக்காலையில பையைத் தூக்கிட்டு ஓடறதில்ல. வந்து கொஞ்ச நாள் இரு, உனக்கே பழகிடும்."

"என்னக்கா பழகும்?"

"வீட்டோட இருக்கறதுதான்."

நர்ஸ் கணவனைப் பார்த்தாள். அவன் ஒரு பழத்துண்டை எடுத்து, அதில் கொட்டை இருக்கிறதா என்று மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தான். இந்தப் பேச்சு அவனுக்குப் புதிதல்ல என்பது அந்த ஆராய்ச்சியிலேயே தெரிந்தது.

"சரி மாமா, இன்னிக்கு ராத்திரி இங்கயே தங்கறேன். நாளைக்கு இங்கேருந்தே வேலைக்குப் போய்ப் பாக்கறேன். சரியா வந்தா எதிர்வீடு."

"நானே ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்றார் செயலாளர்.

திங்கட்கிழமை விடிகாலையில் செயலாளர் வெள்ளை ஷூவும் சாவிக்கொத்துமாக, மனைவி தூங்கிக்கொண்டிருந்த வீட்டை வெளியே பூட்டிவிட்டுக் கிளம்பினார். தெருவில் வீட்டுக்கொரு அறிவிப்புப் பலகை இருந்தது. பூ பறிக்காதே, நாயைக் கொண்டுவராதே, ஹாரன் அடிக்காதே, இங்கே நிற்காதே. எல்லாம் செயலாளர் எழுதியவை. சுவாசிக்காதே என்ற ஒன்றைத்தான் இன்னும் எழுதவில்லை. ஒவ்வொரு பலகையின் முன்னும் அவர் நின்று அதன் வரலாற்றைச் சொன்னார். நர்ஸ் நிற்காமல் நடந்தாள். அவர் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்.

பின்பக்கக் கேட் ஆளுயர இரும்புக் கம்பிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு நெருக்கமான தெரு, அதன் முனையில் ரயில் நிலையத்தின் கூரை. பொய் சொல்லக்கூடாது, பக்கம்தான். பிளாட்பாரத்தில் ஆட்கள் கொட்டாவி விடுவதுகூடத் தெரிந்தது.

கேட்டில் பூட்டு தொங்கியது.

"எதுக்கு மாமா பூட்டு?"

"அந்தப் பக்கத்து ஜனங்க பஸ் ரோட்டுக்குப் போக நம்ம லேஅவுட் வழியா நடந்தாங்கம்மா."

"நடந்து?"

"நடந்தாங்க. அதான் சொல்றேனே. தீர்மானம் போட்டுப் பூட்டிட்டோம்."

சாவி சுலபத்தில் திரும்பவில்லை. செயலாளர் பல்லைக் கடித்துத் திருப்பினார். பூட்டு ஒருவழியாக வாயைத் திறந்து, அவருடைய சட்டைக் கையில் துருவை அப்பியது. வெற்றியோடு கதவை இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தார். அப்புறம் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் இன்னொரு பூட்டு, நன்றாக எண்ணெய் போட்டுப் பளபளவென்று தொங்கியது.

எதிரே ஒரு தையல் கடை. வாசலில் தையல்காரி பல் விளக்கிக்கொண்டு நின்றாள். வேடிக்கை பார்ப்பதற்காகவே வாய் கொப்பளிக்காமல் நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இது யாரு பூட்டு?" என்றார் செயலாளர்.

அவள் நிதானமாகத் துப்பிவிட்டு வந்தாள். "எங்க பூட்டு. நீங்க பூட்டின மறுநாளே போட்டது. இத்தனை மாசத்துல இப்பதான் கண்ணுல பட்டுச்சா? அப்ப உங்க பக்கத்துல ஒரு ஆள்கூட ஸ்டேஷனுக்கு நடக்கலைன்னு அர்த்தம்."

"தொறம்மா. அவசரமா போகணும்."

"எங்களுக்கும் அவசரமாத்தான் இருந்துச்சு. சுத்திக்கிட்டுப் போங்கன்னு சொன்னீங்க. நீங்களும் சுத்துங்க, உடம்புக்கு நல்லது."

ரயில் நிலையத்தில் அறிவிப்புக் குரல் கேட்டது. நர்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. இந்த வண்டியை விட்டா எனக்கு வேலையில பெரிய இடி."

"நீயும் அந்தப் பக்கத்து ஆளுதானே?"

"இன்னும் இல்ல."

தையல்காரி யோசித்தாள். "சரி. அவரு பூட்டை என்கிட்ட குடுக்கச் சொல்லு, நான் என் பூட்டைத் தொறக்கறேன். தொறந்தா தொறந்ததுதான். எங்க ஆளுங்களும் வருவாங்க."

"அது சங்கத்துச் சொத்து. பொதுக்குழுவைக் கேக்காம ஒரு முடிவும் எடுக்க முடியாது" என்றார் செயலாளர். பூட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகு நர்ஸிடம் திரும்பி, "கார்ல கொண்டுபோய் விடறேன், வா. ஒருநாள் லேட்டானா என்ன, ஆஸ்பத்திரி இடிஞ்சா விழுந்துடும்?" என்றார்.

ரயிலின் தலை வளைவில் தெரிந்தது.

ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர் நோயாளியின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்க மாட்டார். கையை மட்டும் நீட்டி, கருவியின் பேரைச் சொல்வார். உள்ளங்கையில் அது வந்து உட்காரும். அந்தத் தொனிக்கு எதிரே நின்று யோசித்தவர்கள் கிடையாது. அதை வருடக்கணக்காகக் கேட்டவள் நர்ஸ். இப்போது அவள் செயலாளரைப் பார்க்கவே இல்லை. கண் ரயிலின் மேல் இருந்தது. கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள்.

"பூட்டு" என்றாள்.

செயலாளர் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் தன் கை காலியாக இருப்பதைப் பார்த்தார். அதற்குள் பூட்டு, சாவிக்கொத்தோடு கம்பி இடுக்கின் வழியே தையல்காரியின் கைக்குப் போய்விட்டது.

"அம்மா, என்ன காரியம் இது? அதுல என் வீட்டுச் சாவியும் இருக்கு."

"சாயந்திரம் கடைக்கு வந்து வாங்கிக்கங்க" என்றபடி தையல்காரி தன் பூட்டைத் திறந்தாள். நர்ஸ் கேட்டைத் தாண்டும்போது, "உனக்காக ஒண்ணும் தொறக்கலை. அந்தாளு மூஞ்சியைப் பாக்கறதுக்காகத் தொறந்தேன்" என்றாள்.

"நானும் உங்களுக்காகக் குடுக்கலை" என்று சொல்லிவிட்டு நர்ஸ் ஓடினாள். ரயிலில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது, பையும் கூடையுமாகப் பெண்கள் கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். செயலாளர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றார். இரண்டு பக்கத்தாலும் போனார்கள்.

அன்று முதல் நோயாளி வந்தபோது அவள் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அவளைப் பார்த்ததும் துணியை உதறி ஜன்னலைத் துடைக்கத் தொடங்கினாள்.

மதியம் கணவன் போன் செய்தான்.

"என்ன பண்ணி வச்சிருக்கே? சங்கத்துல அவசரக் கூட்டம். அண்ணன் பூட்டை உடைச்சு உள்ள போயிருக்காரு, அவரு வீட்டுப் பூட்டை. அண்ணி ஒரே அழுகை. நாளைக்கே கேட்டை எடுத்துட்டுச் சுவரு வைக்கறாங்களாம்."

"நல்லது. செங்கல்லுக்குச் சாவி தேவையில்ல."

"கிண்டல் பண்ணாதே. அண்ணன் பெரிய மனசு பண்ணிட்டாரு. கூட்டத்துல வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா எதிர்வீடு நமக்குத்தான்."

"கேக்கறேன். சுவரு வச்சுட்டா நான் எந்த வழியா வேலைக்குப் போறது?"

அவன் கால்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"கேக்கறேன்ல, சொல்லுங்க. எந்த வழியா?"

"அதான் அண்ணி நேத்தே சொன்னாங்களே" என்றான் அவன், மெல்ல.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வெகுநாளாகச் சந்தேகப்பட்ட நோய்க்கு ரிசல்ட் வந்ததுபோல இருந்தது.

"டயர் கடைக்காரர்கிட்ட இப்பதான் பேசினேன். ஒண்ணாம் தேதி வர்றதா சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னைக் கேக்காமயா?"

"நானும் என் அண்ணனும் சேந்து முடிவு பண்ணினோம்னு வச்சுக்கங்க."

"உனக்குத்தான் அண்ணனே இல்லையே."

"அதனாலதான் சீக்கிரம் முடிஞ்சுது. நீங்க எதிர்வீட்டுல இருக்கறதா இருந்தா இருங்க, நான் தடுக்கலை. காத்து நல்லா வரும்."

மறுமுனையில் அவன் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் சோறு எத்தனை நாளைக்கு ஓடும் என்று அவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவன் தொழிலே கணக்குதானே. கடைசியில் தொண்டையைச் செருமினான்.

"அங்க என் மேசை போட இடம் இருக்கா?"

"வந்து அளந்து பாருங்க. எனக்கு அடுத்த கேஸ் வந்துடுச்சு" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.