சீதனக் காரின் சத்தம்

காரின் முன்பக்கத்தில் டக் டக்கென்று ஒரு சத்தம். காரைதீவில் தொடங்கியது, கல்முனை வந்து சேரும்வரை என் மண்டைக்குள்ளும் அடித்துக்கொண்டிருந்தது.

மாமா பிடித்த பிடியிலேயே நின்றார்.

"ஜப்பான் கார், மகன். கொழும்புக் கொம்பனிலதான் காட்டணும். கண்டவனையும் கைவைக்க விடப்படா."

கண்டவன் வேறு யாருமில்லை, சந்தைக்குப் பின்னால் கார் திருத்தும் கராச் வைத்திருக்கும் என் முத்தலிப் காக்காதான். கார் என் மனைவி சுபைறாவுக்கு அவள் வாப்பாவான மாமா கொடுத்த சீதனம். அதை என் கூடப்பிறந்தவர் கழற்றினால், மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தில் கைவைத்துவிட்டார்கள் என்று ஊர் கதைக்குமாம். அதற்காக ஒரு சத்தத்தைத் தூக்கிக்கொண்டு கொழும்புவரை ஓடுவதா? ஒரு கிழமையாக இதே வாக்குவாதம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று மாமா வயலுக்குப் போனதும் காரை நேரே கராச்சுக்கு விட்டேன்.

காக்கா கையைத் துடைத்தபடி வந்து சத்தத்தைக் கேட்டார். ஆனால் பொனட்டைத் தொடவில்லை.

"சுபைறா என்ன சொன்னா?"

"நான்தானே கொண்டு வந்திரிக்கன்!" என்று கத்தினேன்.

"நீ ஓட்டுறாய், தம்பி. கார் அவட. அவ ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே திறக்கன்."

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த சுபைறாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"காக்காட கராச்சுக்கே விடுங்க. ஒரு கிழமையா நீங்களும் வாப்பாவும் சண்டை புடிச்சீங்களே, என்னட்ட ஆரு கேட்டீங்க?"