சிறிலின் வரி வந்த நாள்

இன்பமலரோடு ஒரே வகுப்பில் படித்தவர்களில் யாராவது செத்தால், அந்த ஆள் சின்ன வயதில் பாடமாக்கின பாட்டு வரி, அதே சின்ன வயதுக் குரலில், இன்பமலரின் வாயால் வரும். முதலில் வந்தது குலசிங்கத்தின் வரி. ஐம்பத்துநாலாம் ஆண்டு, நல்ல மத்தியான வெயில், அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாய் தன்பாட்டில் திறந்தது. மூக்கடைத்த ஒரு பெடியனின் குரலில் "வளைக்கு வாசல் ஒன்றே ஒன்று" என்றது. பிறகு மூடிக்கொண்டது. துருவல் பூவில் எச்சில் தெறித்துவிட்டதோ என்பதுதான் அவளுடைய முதல் கவலை. அரை மணித்தியாலத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, குலசிங்கம் கிணற்றடியில் துலா முறிந்து விழுந்து செத்துப்போனான் என்று சொன்னாள்.

பாட்டு வந்த கதை இதுதான். நாற்பத்தொன்பதில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த கோயில் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று கடிதம் வந்தது. இடையில் ஒரு கிழமைதான். புத்தகமோ ஒன்று, பிள்ளைகள் பதினெட்டு. புத்தகத்தில் நண்டைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது, அதுவும் பதினெட்டு வரி. காசிநாதர் வாத்தியார், பாவம், வேறென்ன செய்வார்? ஆளுக்கொரு வரி என்று பங்குபோட்டுவிட்டார். "உன்ரை வரியை மட்டும் பார். மற்றவன்ரை வரியைத் தொட்டியோ, தோலை உரிப்பன்!" கரைவலை இழுத்து மீன் பங்குபோடுகிற ஊரில் இது ஒருவருக்கும் புதுமையாகப் படவில்லை. பிள்ளைகளும் அவரவர் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தினார்கள். சிறிலின் பங்கு "ஈரக் காற்று வடக்கே போகும்." பேணாட்டின் பங்கு "எட்டுக் காலும் நோகும் நோகும்." பேணாட்டுக்கு ஒன்பது வயதிலேயே கிழவன் குரல், அவன் சொன்னபோது இன்ஸ்பெக்டரே வாய்விட்டுச் சிரித்தார். பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. வாத்தியார் விட்ட பிழை ஒன்றேதான்: இன்ஸ்பெக்டர் போனபிறகு வரிகளைத் திருப்பி வாங்காமல் விட்டுவிட்டார்.

ஏன் இன்பமலருக்கு மட்டும் வந்தது என்று கேட்டால், கேட்கிறவரே சொல்லட்டும். ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனது. வேலை போன சனம் நாலு பக்கமும் சிதறியது, வரிகளும் கூடச் சிதறின. ஐம்பத்தெட்டில் ஒரே கிழமையில் இரண்டு வரி வந்தது. அறுபத்துநாலு மார்கழிச் சூறாவளியில், இறக்கக்கண்டியில் ஒருத்தியும் அவளுடைய தம்பியும் போனார்கள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு. இரண்டு வரியும் ஒரே மூச்சில் வந்து இன்பமலருக்கு விக்கல் பிடித்துவிட்டது. அந்த வகுப்பில் படித்துத் தூர இடத்துக்குப் போனவர்களின் தாய்மார் படலையில் வந்து நின்று கேட்பார்கள். "அவர் சுகமாய் இருக்கிறார், யோசியாமல் போங்கோ" என்பாள். தந்தி பொய்த்தாலும் இன்பமலரின் வாய் பொய்க்காது என்று புல்மோட்டை வரைக்கும் கதை. இதென்ன வரமோ சாபமோ, அவளுக்கு அலுத்துப்போய்விட்டது.

அறுபதில் அவள் சிறிலைக் கட்டினாள். அறுபத்துமூன்றில் சிறில் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான். இரண்டு கடிதம் போட்டான். அறுபத்தாறில் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது: கப்பல் நடுக்கடலில் மூழ்கித் தாண்டுபோனது, ஒருவரும் தப்பவில்லை. வேதக்கோயில் பங்குச் சுவாமி வாசித்துச் சொன்னதும் வீடு அழுகையில் அதிர்ந்தது. இன்பமலர் மட்டும் மாமியாரின் கையைப் பிடித்தாள். "அழாதேங்கோ மாமி. அவர் சாகேல்லை. வரி வரேல்லை."

மாமியார் மரியமலர் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். மூன்று வருசம் கொளுத்தினாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பெண்களுக்கும் விஷயம் மெல்ல மெல்ல உறைத்தது. ஆள் உயிரோடு இருக்கிறான், ஆனால் வரவில்லை. ஒரு துண்டுக் கடிதாசிகூட இல்லை. எங்கேயோ கரையேறி, எவள் கையாலேயோ சோறு தின்றுகொண்டிருக்கிறான். செத்தவனுக்கென்றால் ஒரு மாதம் அழுது தீர்க்கலாம். இவனுக்கு எதைச் செய்கிறது? கறுப்பு உடுக்கவும் ஏலாது, பூ வைக்கவும் மனமில்லை. மரியமலர் மெழுகுதிரியை நிறுத்தினாள். மகனுடைய பெயரையும் அதோடு நிறுத்தினாள்.

பேணாட் துறைமுகத்து இழுவைப் படகில் கயிறு பிடிக்கிறவன். கலியாணம் கட்டவில்லை. ஞாயிறு பூசை முடிய வருவான், கூரைக்குக் கிடுகு மாற்றுவான், வேலியைக் கட்டுவான், பிளேன்டீ குடித்துவிட்டுப் போவான். இன்பமலருக்கு அவனில் விருப்பம். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை; ஊருக்கே தெரியும். எழுபதில் ஒருநாள் அவன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி வாய் திறந்தான்.

"சுவாமியோடை கதைச்சனான். நாங்கள் கட்டுறதுக்குக் கம்பனிக் கடிதமே போதுமாம். சிறில் சாகேல்லை எண்டு நீர் சொன்னபடியால்தான் சுவாமி யோசிக்கிறார். ஒருக்கால் சிறிலின்ரை வரியைச் சொல்லிவிடுமன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்தானே பேணாட்" என்றாள். "உயிரோடை இருக்கிற மனுசனைச் சாகடிச்சுப்போட்டு நான் பந்தலிலை நிக்கிறதோ? நாளைக்கு அந்தத் தாய்மார் என்ரை எந்தச் சொல்லை நம்புறது?"

"சரி, விடும்" என்றான் பேணாட். அதற்குப் பிறகு பதினொரு வருசம் அவன் அதைக் கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தான். இருவருக்கும் தலை நரைத்தது. கோப்பை கைமாறும்போது விரல் படாமல் பார்த்துக்கொண்டார்கள், மடையர்கள்.

எண்பத்தொன்று ஆவணியில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, இன்பமலரும் மரியமலரும் சங்கக்கடை வரிசையில் மாவுக்கு நின்றார்கள். வாய் திறந்தது. "எட்டுக் காலும் நோகும் நோகும்" என்றது, கிழவன் குரலில் ஒரு சின்னப் பெடியன். வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேருக்கும் கேட்டது. தராசடியில் நின்ற தாஹிர் அதே வகுப்பில் படித்தவன். அவன் மாக் கரண்டியை வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். சற்று முன்னர்தான் துறைமுகத்தில் இழுவைக் கம்பி அறுந்து பேணாட்டின் நெஞ்சில் அடித்திருந்தது.

இன்பமலர் துறைமுகத்துக்குப் போகவில்லை. வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நேரே சுவாமியின் அறைவீட்டுக்குப் போனாள். பின்னால் மரியமலர், அவளுக்குப் பின்னால் பாதி வரிசை. "சுவாமி, சிறிலின்ரை வரி வந்திட்டுது" என்றாள் இன்பமலர். இருபத்தேழு வருசத்தில் அந்த வாய் சொன்ன முதல் பொய் அது. சுவாமி வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தார். துறைமுகத்துச் செய்தி அவருக்கும் அதற்குள் எட்டியிருந்தது.

"சிறிலின்ரைதானோ, பிள்ளை? வடிவாய்க் கேட்டனீரோ?"

மரியமலர்தான் மறுமொழி சொன்னாள். "பெத்தவளுக்கு மகன்ரை குரல் தெரியாதோ சுவாமி? அவன்தான். என்ரை பிள்ளை செத்துப்போனான். பூசை வையுங்கோ." பன்னிரண்டு வருசமாய் மகனுடைய பெயரையே எடுக்காதவள் அப்போதுதான் அவனுக்காக வாய்விட்டு அழுதாள். கிழவன் குரலைத் தங்கள் காதாலேயே கேட்டிருந்த சனம், வாசலில் நின்றபடி சிலுவை போட்டுக்கொண்டது.

வீட்டுக்கு வந்து, மரியமலர் அலுமாரியிலிருந்து தன் புருசனுக்கு உடுத்த கறுப்புச் சீலையை எடுத்து மருமகளுக்குத் தானே கட்டிவிட்டாள். பின்னேரம் பேணாட்டின் வீட்டில், தலைமாட்டில் இருந்த அவனுடைய தங்கச்சி சீலா இன்பமலரைக் கண்டதும் எழும்பி இடம் விட்டாள். இன்பமலர் அந்த இடத்தில் இருந்துகொண்டு, ஒரு பெண்சாதி எப்படி அழுவாளோ அப்படி அழுதாள். அடுத்தநாள் அடக்கப் பூசையோடு சிறிலின் ஆத்மாவுக்கும் சேர்த்து வேண்டுதல் வாசிக்கப்பட்டது. கோயில் புத்தகத்தில் அப்படித்தான் பதிவும் இருக்கிறது. இன்பமலர் வருசம் முழுக்கக் கறுப்பு உடுத்தாள்; யாருக்கென்று ஊருக்கே தெரியும்.

சிறிலின் வரி இன்னும் வரவில்லை. ஊரில் ஒருவரும் அதைப்பற்றிக் கேட்கிறதில்லை.